மீண்டும் மலை ஏறுகிறீர்களா? இறக்கத்தைக் கவனியுங்கள்

நெடுநாள் நடக்காதவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய மலைக்குப் போக வேண்டாம். திருகோணமலைக்காரர்களுக்கு பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையான ஏற்றமே அருமையான தொடக்கம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும்.

உண்மையில் காலைப் படுத்துவது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் வரும் நோவு பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தை அடையும். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று மறுநாளே இரட்டிப்பாக நடந்துவிடாதீர்கள்! முழங்காலைச் சற்று மடித்து, சிறு அடிகளாக இறங்குங்கள். கோயிலில் கழற்ற வேண்டுமே என்று வழுக்கும் செருப்போடு போகாமல், பிடிமானமுள்ள சப்பாத்தே அணியுங்கள். தசைநோவு தானாக ஆறும். முழங்கால் வீங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.