பல வருடம் கழித்து, படுக்கையில் இருக்கும் அப்பாவிடம் திரும்பிப் போகிறவருக்கு

11 வருடம் கழித்து வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அப்பா சொன்ன முதல் வார்த்தை, "போ". அப்படியே திரும்பி நடந்தேன். அக்காதான் பின்னால் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "அவருக்கு இப்போ வாயில வர்றது அந்த ஒரு வார்த்தைதான்டா. தண்ணி வேணும்னாலும் போ, வலிச்சாலும் போ."

பக்கவாதம் மூளையின் இடது பக்கத்தைத் தாக்கினால் வலது கையும் காலும் செயலிழக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் மனதில் ஒன்று இருக்க, வாயில் வேறொன்று வரும். "ஆமாம்" என்பதற்கு "இல்லை" என்றுகூடச் சொல்வார்கள். இது தெரியாமல் போனதால் வாசலோடு ஓடப் பார்த்தேன். ஆகவே கிளம்பும் முன்பே, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு போன் போடுங்கள். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, பேச்சு எப்படி, விழுங்க முடிகிறதா, இரவில் தூங்குகிறாரா: இந்த நான்கு போதும். திடீரென்று போய் நின்று ஆச்சரியப்படுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள்.

போனதும் பையைக் காலி செய்யுங்கள். மூன்று நாள் என் பை கதவோரமாகவே இருந்தது. அப்பாவின் பார்வை அடிக்கடி அங்கேயே போனது. நோயினால் என்று நினைத்தேன். அக்கா ஒன்றும் பேசாமல் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்தது, கூடவே இருந்தவர். இங்கேதான் ஊர் சுற்றி வந்த நாம் சொதப்புவோம். வந்த இரண்டாம் நாளே, "வேறு டாக்டரிடம் காட்டிப் பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். நான்கு வருடமாக அவரைத் தூக்கி, துடைத்து, மாத்திரை கொடுத்தவளிடம்! அன்று இரவு வரை அவள் என்னிடம் பேசவில்லை. முதல் வாரம் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். "உனக்கு எந்த வேலை ரொம்பக் கஷ்டம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் அநேகமாக இரவு என்றுதான் வரும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் கண்ட நேரத்தில் தூங்கிப் பழகியது நமக்கு உருப்படியாகப் பயன்படும் ஒரே இடம் அதுதான்.

இரவு வேலை என்பது முக்கியமாகத் திருப்பிப் படுக்க வைப்பது. தானாகப் புரள முடியாதவரை வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. மல்லாந்து படுத்தால் குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. அடிமுதுகு எலும்பு, இடுப்பு, குதிகால் இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பம். காலையில் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிடுங்கள். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பேராக அதைத் தூக்கி நகர்த்துங்கள்.

தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நான் இழுத்தேன். அப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தசை தளர்ந்த தோள் மூட்டு சுலபமாக விலகிவிடும். நல்ல பக்கத்தை அவரே ஊன்றட்டும், நாம் முதுகைத் தாங்கினால் போதும்.

சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான், சிறுசிறு வாயாக. முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இருமினாலோ, குரலில் ஈரம் கலந்த கரகரப்பு வந்தாலோ உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தில் நம் புத்திசாலித்தனம் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒரு நாள் நிறுத்துவதுகூட ஆபத்து. புதிதாக முகம் கோணினால், நல்ல கையும் தளர்ந்தால், இருந்த பேச்சும் குழறினால் மணியைப் பார்த்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைப் போடலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அவர் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான்.

சரி, பேச வேண்டியதை எப்படிப் பேசுவது? வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு என்னிடமும் இருந்தது. பாதியிலேயே அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கோபமா என்று பயந்தேன். நீளமான வாக்கியம் அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு சின்னக் கேள்வி. பிறகு பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்க அவசரப்படாதீர்கள். சத்தமாகவும் வேண்டாம், காது நன்றாகவே கேட்கிறது. தலையசைப்பிலும் தடுமாறுகிறவர் என்றால், பொருளையே காட்டிக் கேளுங்கள். மன்னிப்பை நான் மூன்று வார்த்தையாகச் சுருக்கிச் சொன்னேன். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது. இடது கையால் என் மோவாயைத் தடவி, தாடியைப் பிடித்து இழுத்தார். மறுநாள் மழித்துவிட்டேன்.

"எவ்வளவு நாள் இருப்பே?" என்று அக்கா கேட்டபோது, "எப்பவும்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்கள் அந்த வார்த்தையை ஏற்கனவே செலவழித்துவிட்டோம். "அடுத்த மாச பரிசோதனைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் ராத்திரி என்னோடது" என்றேன். அந்தத் தேதி வந்து போனது, அடுத்த தேதியைச் சொன்னேன். இப்போது ஆறாவது தேதி ஓடுகிறது.

இரவு 2 மணிக்கு அப்பா "போ" என்கிறார். இடது பக்கமா, வலது பக்கமா என்று இரண்டு தலையணையையும் காட்டிக் கேட்டுவிட்டுத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்.