பழைய தேவாலயம் நிலநடுக்கத்தைத் தாங்குமா? மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சிங்கப்பூரில் அதை முதலில் உணர்பவர்கள் அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் இருப்பவர்கள்தான். 2004, 2005, 2007 என மூன்று ஆண்டுகளிலும் அப்படித்தான் நடந்தது. ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகக் கூடும் லூர்து அன்னை ஆலயம் 1888இல் கட்டி முடிக்கப்பட்டது. இவ்வளவு பழைய கட்டடங்கள் அந்த அசைவைத் தாங்குமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் விடை தேடுபவர்கள் பலர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்.

பெரிய தவறு, தேவாலயத்தை அலுவலகக் கட்டடம் போல நினைத்துக் கணக்குப் போடுவது. கான்கிரீட் கட்டடத்தில் ஒவ்வொரு தளமும் சுவர்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். தேவாலயத்தில் இடைத்தளமே கிடையாது. உயரமான நீண்ட சுவர்கள், மேலே பெரும்பாலும் மரக்கூரை, அவ்வளவுதான். மூடியில்லாத அட்டைப்பெட்டியை ஆட்டினால் பக்கங்கள் தனித்தனியாக அசையுமே, அப்படித்தான் முகப்புச் சுவரும் மணிக்கோபுரமும் பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரும் அவையவை தம் போக்கில் அசையும். முகப்பு பக்கச் சுவரை விட்டுப் பிரிந்து தெருப்பக்கம் சாயும்.

1976இல் வட இத்தாலியின் ஃப்ரியூலி வட்டாரத்தில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இத்தாலியர்கள் சேதமடைந்த தேவாலயங்களை ஆராய்ந்து, எந்தப் பகுதி எப்படி விழுகிறது என்று வகைப்படுத்தத் தொடங்கினார்கள். இன்று அவர்களுடைய ஆய்வுப் படிவத்தில் 28 வகைகள் இருக்கின்றன. சுவர் சாயும்போது செங்கல் நொறுங்குவது அபூர்வம். சுவரின் தடிமன், உயரம், மூலைப் பிணைப்பு, குறுக்கே இரும்புக் கம்பி உண்டா என்பவைதான் முடிவு செய்யும். கணினியை எடுப்பதற்கு முன் இவற்றை நேரில் பார்த்துவிட வேண்டும்.

பூச்சைப் பார்த்துச் சுவரை எடைபோடுவதும் தவறு. சிங்கப்பூரில் 1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சை அதன் சுவர்களுக்குப் பூசினார்கள். நம் மண்ணின் கைவேலை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் எவ்வளவு வழவழப்பான பூச்சும் உள்ளே செங்கல் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. பூச்சைக் கொத்தி எடுக்கவும் வேண்டாம்; சிறு துளையிட்டுக் கேமரா விட்டும், சுவரைத் தட்டி ஒலி பாயும் வேகத்தை அளந்தும் பார்க்கலாம்.

வளைவுக் கூரை உள்ள இடங்களில் அதன் மேற்பக்கத்துக்கும் ஏறிப் பார்க்க வேண்டும். இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைவுகளுக்கு மேலே நூற்றாண்டுகளாக இடிபாடுகள் குவிந்து கிடந்தன. 1997 செப்டம்பர் 26 அதிகாலையில் ஒரு நிலநடுக்கம். சேதத்தைப் பார்க்க உள்ளே போனவர்கள் இருக்கும்போதே முற்பகலில் இன்னொன்று வந்தது. அந்தச் சுமையும் சேர, வளைவுகள் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். முதல் அதிர்வு ஓய்ந்ததும் ஆய்வுக்காக உள்ளே நுழைவது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இதுவே சாட்சி.

“முன்பு வந்த அதிர்வைத் தாங்கியதே” என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பேராலயம் 2010 செப்டம்பரில் 7.1 அளவிலான நிலநடுக்கத்தைப் பெரிய பாதிப்பின்றிக் கடந்தது. 2011 பிப்ரவரி 22 அன்று வந்தது அதைவிடச் சிறியது. ஆனால் நகரத்துக்கு மிக அருகில், ஆழம் குறைந்த இடத்தில் நடந்ததால் கோபுரம் சரிந்தது.

அதற்காக அந்த நகரத்தின் கணக்கை அப்படியே சிங்கப்பூருக்குப் பொருத்தக் கூடாது. சுமத்ராவின் நிலப்பிளவு நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரம் வருவதற்குள் வேகமான அதிர்வுகள் அடங்கி, மெதுவான நீண்ட அசைவுகளே மிஞ்சும். குட்டையான கனத்த சுவர்கள் அதற்கு அதிகம் அசைந்து கொடுப்பதில்லை. உயரமான அடுக்குமாடிகள்தான் ஆடும். கல்லாங் வட்டாரத்தில் இருப்பது போன்ற கடற்களிமண் அந்த அசைவைப் பெருக்கும் என்பதால், தேவாலயம் எந்த மண்மேல் நிற்கிறது என்று பார்க்காமல் எதையும் சொல்லிவிட முடியாது. ஒல்லியான கோபுரங்களைத் தனியாகவே கணக்கிட வேண்டும்.

அப்புறம், விரிசல். இங்கே ஒரு பழைய சுவரில் விரிசல் கண்டால், நிலநடுக்கத்தைவிட அக்கம்பக்கத்துப் பள்ளம் தோண்டும் வேலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நல்மேய்ப்பர் பேராலயம் அப்படிப்பட்ட கட்டுமான வேலைகளால் பாதிக்கப்பட்டு, பெரிய சீரமைப்புக்குப் பிறகு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. விரிசலை உடனே சிமெண்டால் அடைத்துவிட்டால் அது இன்னும் விரிகிறதா என்பது தெரியாமல் போய்விடும். சுண்ணச்சாந்தைவிடச் சிமெண்ட் விறைப்பானது, ஈரத்தையும் வெளியே விடாது. அளவுகோல் ஒட்டி மாதக்கணக்கில் கவனித்த பிறகு, சுண்ணச்சாந்தாலேயே அடைப்பது நல்லது.