பிரேக் லைட் எரியவில்லையா? பல்பை மாற்றும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்குகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். பின்னால் வந்த வேன்காரர் விடாமல் ஹார்ன் அடித்தபடியே வந்தார். வழி கேட்கிறார் போல என்று ஒதுங்கினால், அவரும் நிறுத்தி இறங்கி வந்து, "ஏனுங்க, நீங்க பிரேக் போடறது பின்னால ஒண்ணுமே தெரியலீங்க, ரெண்டு தடவை மோதப் பார்த்தனுங்க" என்றார். அப்பா 90களின் கடைசியில் வாங்கிய சின்ன கார் அது. முந்தின வாரம்தான் இரண்டு பக்கமும் புது பல்ப் போட்டு, வீட்டில் சோதித்தும் பார்த்திருந்தேன். நன்றாக எரிந்தது.

சோதித்த விதம்தான் தப்பு. வீட்டில் ஓங்கி மிதித்தேன், மலையில் யாரும் அப்படி மிதிப்பதில்லை. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு வளைவு காலை லேசாக வைத்து எடுப்போம். பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. கால் எடுத்திருக்கும்போது பெடல் அதன் முனையை உள்ளே அழுத்திவைத்திருக்கும், மிதித்ததும் முனை வெளியே வந்து லைட் எரியும். என் வண்டியில் அதன் நட் தளர்ந்து ஸ்விட்ச் பெடல் பக்கமாக நகர்ந்திருந்தது, அதனால் பெடல் நிறைய இறங்கினால்தான் லைட். கால் மணி நேர வேலை, ஒரு பைசா செலவில்லை. நானோ பல்புக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பைப் பார்ப்பது சரிதான். இரண்டும் ஒன்றாக அணைந்தால் பெரும்பாலும் ஃபியூஸ் அல்லது ஸ்விட்ச். ஆனால் ஒரு பல்ப் ஆறு மாதம் முன்பே போய், யாரும் கவனிக்காமல், இப்போது அடுத்ததும் போயிருக்கலாம். யார்தான் இறங்கிப் போய்ப் பின்னால் பார்க்கிறோம்?

பல்ப் வாங்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. பல பழைய வண்டிகளில் பார்க் லைட்டுக்கும் (இரவில் பின்னால் மங்கலாக எரிந்துகொண்டே வருகிற சிவப்பு விளக்கு) பிரேக் லைட்டுக்கும் ஒரே பல்ப், உள்ளே 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை. அதன் பக்கவாட்டுப் பின்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, தலைகீழாகப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. உட்காரவில்லையே என்று திருகி அழுத்தினால் பார்க் லைட் பளிச்சென்றும், பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியாமலும் போகும். அந்த ஹோல்டரில் ஒற்றை இழை பல்பைத் திணித்துவிட்டால் இன்னும் வேடிக்கை, அடியில் உள்ள இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடும், பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து எரியும்.

இதையெல்லாம் விட அதிகம் ஏமாற்றுவது எர்த், அதாவது பல்புக்கு வந்த கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற வழி. டெயில் லேம்ப் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் உள்ளே இறங்கி, பாடியில் எர்த் வயரைப் பிடித்திருக்கும் திருகு துருப்பிடித்துவிடும். பிரேக் மிதித்தால் பார்க் லைட் மங்குகிறதா? இண்டிகேட்டரோடு சேர்ந்து மினுக்குகிறதா? போக வழியில்லாத கரண்ட் பக்கத்து இழை வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். புது பல்ப் போட்டாலும் அதே கதைதான். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பெயிண்ட் இல்லாத நல்ல இரும்பிலிருந்து ஒரு துண்டு வயரை ஹோல்டரின் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த்தான். திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் சரி.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் விழும் குழி வேறு. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டும், வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். பல்ப் மாட்டினால்தானே கரண்ட் இழுக்கும், அப்போதுதான் துருப்பிடித்த இணைப்பு தன் குணத்தைக் காட்டும். 21 வாட் பல்பையே இரண்டு வயரில் கட்டி டெஸ்ட் லேம்ப் ஆக்கிக்கொண்டால் இந்தக் குழப்பமில்லை.

ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட் காகிதம், செம்புக் கம்பி, 30 ஆம்பியர் ஃபியூஸ் என்று எதையாவது போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு பல்பும் சேர்ந்து இழுப்பதே 3.5 ஆம்பியர்தான். அதற்கும் ஃபியூஸ் போகிறதென்றால் எங்கோ வயர் உரசுகிறது. விளக்கு டிக்கிக் கதவில் இருக்கிற வண்டியென்றால் முதலில் கீல் பக்கம் பாருங்கள், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கேதான் வயர் மடங்கும்.

தனியாகச் சோதிக்க, இருட்டியதும் வண்டியின் பின்பக்கத்தைச் சுண்ணாம்புச் சுவருக்கு அருகே நிறுத்தி, காலை மெல்ல, மிக மெல்ல வைத்துப் பாருங்கள், சிவப்பு எப்போது விழுகிறது என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். பின்னால் நின்று வேலை பார்க்க வேண்டுமா, தென்னை மட்டைத் துண்டு ஒன்றைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடாதீர்கள், பல வண்டிகளில் சாவியை உருவினாலும் பிரேக் லைட் எரியும், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி பத்து மணி நேரத்தில் காலி. நான் மறந்தேன். காலையில் எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுத்தான் தள்ள வேண்டியிருந்தது.