வேலூர் பஜாரில் கடை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

லாங் பஜாரில் ஒரு கடை காலியாகிறது என்று காதில் விழுந்ததும் நாம் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்றுதான். வீட்டுக்கு அது போதும், கடைக்குப் போதாது. மாதம் 25,000 என்று ஒரு கடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டில் உங்கள் கடையின் தொகையை எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதலில் டேப்பால் அளக்க வேண்டும். என் சித்தப்பா கடை பார்த்தபோது நானும் கூடப் போயிருந்தேன். 200 சதுர அடி என்றார்கள். ஷட்டருக்கு உள்ளே அளந்தால் பத்துக்குப் பதினாறு, அதாவது 160. மீதி எல்லாம் சுவர், மாடிப்படி. அப்படியானால் சதுர அடி 125 ரூபாய் இல்லை, 156.

அடுத்தது அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். பத்து மாதம் கேட்டால் 2,50,000. திரும்பி வரும் பணம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நகையை 12 சதவீத வட்டிக்கு அடகு வைத்துக் கொடுத்தால் மாதம் 2,500 போகிறது. குட்வில் என்று, அதாவது கடையை விட்டுக்கொடுப்பதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டால் அது திரும்பாது, அதைத் தனியாக எழுதுங்கள்.

அப்புறம் ரேக், லைட், போர்டுக்கு 1,30,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வேலை முடியும்வரை பூட்டிக் கிடக்கும் கடைக்கு இன்னொரு மாத வாடகை. ஆக 1,80,000. மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 5,000.

கரண்ட்டுக்கு வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் இங்கே கிடையாது, கட்டணமும் கடைக்கான கட்டணம். மேற்குப் பார்த்த கடையாக இருந்தால் மதியம் மூன்று மணிக்குப் போய் உள்ளே பத்து நிமிஷம் நில்லுங்கள். வேலூர் வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்ட முடியுமா என்று அப்போதே தெரிந்துவிடும். கரண்ட்டுக்கு மாதம் 4,000 வையுங்கள். இறக்குகூலி, வாட்ச்மேனுக்கு 1,500.

வாடகையோடு சேர்த்து மாதம் மொத்தம் 38,000. மாதம் 26 நாள் வியாபாரம் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 1,460. விற்கிற தொகையில் லாபம் 20 சதவீதம் என்றால், கடையின் செலவுக்கு மட்டுமே தினமும் 7,300 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆள் சம்பளம் இதில் இல்லை!

நீங்கள் ஜிஎஸ்டியில் ரெகுலர் பதிவு வைத்திருந்து உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மேல் 18 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். பிறகு விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் முதலில் 4,500 கையிலிருந்து போகும்.

சரி, 7,300க்கு ஆள் வருமா? எதிரே டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து, எத்தனை பேர் பையோடு போகிறார்கள் என்று எண்ணுங்கள். காந்தி ரோட்டில் நடப்பவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு பக்கெட்டும் ஸ்டவ்வும் பெட்ஷீட்டும் வேண்டும். பட்டுப்புடவைக் கடைக்கு அந்தக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கணக்கு ஒத்துவந்தால் அக்ரிமெண்ட். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், எத்தனை மாதம் முன்பு சொல்லிவிட்டுக் காலி செய்யலாம், சொத்து வரி யார் கட்டுவது, அட்வான்ஸ் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பழைய ஆள் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்களுடையது இல்லை என்று காட்ட ஆதாரம் இருக்கும்.