டின்னர் செட் பெட்டியைத் தூக்கும் முன்

டொரொண்டோ பக்கம் வீடு பிடித்ததும் மெத்தை, அரிசி மூட்டை, அப்புறம் ஒரு டின்னர் செட் என்றுதான் பட்டியல் போகும். முதல் இரண்டையும் உடனே வாங்குங்கள். மூன்றாவதற்கு ஒரு வாரம் பொறுக்கலாம், காகிதத் தட்டில் ஒப்பேற்றிக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் ‘16 உருப்படி, 4 பேருக்கு’ என்று போட்டிருக்கும். உள்ளே பெரிய தட்டு, சின்னத் தட்டு, கிண்ணம், மக் எல்லாம் நாலு நாலு. பெரிய தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும், சின்னதில் சாலட் என்று சாப்பிடுகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. அந்தப் பெரிய தட்டில் ரசம் சாதம் பிசைந்து பாருங்கள், சங்கதி புரியும். பத்தரை அங்குல அகலம் இருக்கும், ஆனால் சப்பையாக இருக்கும். சோற்றை ஒதுக்கி அணைக்க விளிம்பு கிடையாது. ரசம் நாலாபக்கமும் ஓடும். வந்த புதிதில் சாப்பாட்டு மேசை ஏது? தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவோம், மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தோதானது ‘பாஸ்டா பவுல்’ என்ற பெயரில் விற்கும் தட்டு. எட்டரை, ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம். பெயர்தான் இத்தாலி, வேலை நம்ம ஊர்க் குழித்தட்டு வேலை. கடையில் கூச்சப்படாமல் கையைத் தட்டுக்குள் வைத்துப் பிசைவது போல ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நாலு விரலும் தாராளமாகப் புரண்டு, உருட்டும்போது கவளம் விளிம்பில் நின்றால் அதுதான் உங்கள் தட்டு. செட்டாக வாங்காமல் ஒன்றொன்றாக விற்கிறதா என்று கேளுங்கள். ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். தோசை, சப்பாத்திக்குச் சப்பைத் தட்டு நாலு போதும். அதை வாங்குவதற்கு முன் சமையலறை மேல் அலமாரியின் உள் ஆழத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வெளியே 12 அங்குலம் என்றால் உள்ளே அதைவிடக் குறைவு. பெரிய தட்டை வைத்துவிட்டுக் கதவு சாத்தவில்லை என்று நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

எந்தப் பொருளில் வாங்குவது? பளபளப்பில்லாத சாம்பல் நிற ஸ்டோன்வேர், அதாவது கெட்டியாகச் சுட்ட களிமண் தட்டு, பார்க்க அழகாக இருக்கும். நானும் அந்த அழகில்தான் ஏமாந்தேன். இரண்டே வாரத்தில் சாம்பார் மஞ்சள் ஏறி, ஸ்பூன் உரசிய இடமெல்லாம் பென்சில் கோடு போட்டது போலக் கறுத்துவிட்டது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் கோடு மங்கும், மஞ்சள் அவ்வளவு லேசில் போகாது. கனமும் அதிகம், நாலு தட்டைக் கழுவினால் மணிக்கட்டு வலிக்கும். வாங்கிய அன்று பெட்டி காரின் டிக்கியில் ஓர் இரவு கிடந்தது, வெளியே மைனஸ் 20. காலையில் தூக்கி வந்து நேராகச் சுடுதண்ணீரில் போட்டேன். டக்கென்று ஒரு சத்தம், தட்டின் குறுக்கே கோடு. குளிர்காலத்தில் வாங்கினால் வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை தொடாதீர்கள்.

இங்கே பல தமிழ் வீடுகளில் நான் பார்ப்பது கொரெல். அது பீங்கான் இல்லை, மூன்று அடுக்காக ஒட்டிய கண்ணாடி. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்தது. லேசு, கறை பிடிக்காது, மைக்ரோவேவில் வைக்கலாம். எளிதில் உடையாதுதான், ஆனால் உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். சூடான அடுப்பின் மேல் மறந்தும் வைக்க வேண்டாம். பழைய சாமான் கடையில் பூப்போட்ட கொரெல் மலிவாகக் கிடைக்கும். 2005-க்கு முந்தைய தட்டுகளின் அலங்காரத்தில் ஈயம் இருக்கக்கூடும், அவற்றை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி அந்நிறுவனமே அறிவுறுத்தியிருக்கிறது. பூவில்லாத வெள்ளையைப் புதிதாக வாங்குங்கள், நவம்பர் கடைசியிலும் டிசம்பர் 26-க்கும் விலை இறங்கும்.

போன் சைனா என்ற மெல்லிய பீங்கானில் மாட்டெலும்புச் சாம்பல் கலந்திருக்கும், சைவ வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாங்கும் முன் சொல்லிவிடுங்கள். மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு மைக்ரோவேவுக்கு ஆகாது. தங்கக் கோடு போட்ட தட்டும் அப்படித்தான், உள்ளே பொறி பறக்கும்.

ஊரிலிருந்து எவர்சில்வர் தட்டு கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒன்று போதும். சுடுசோறு போட்டால் கையில் பிடிக்க முடியாது, மைக்ரோவேவிலும் வைக்க முடியாது. 23 கிலோப் பெட்டியில் அந்த இடத்தை இட்லித் தட்டுக்கும் காபி ஃபில்டருக்கும் கொடுங்கள். விட்டுப்போனதை டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். யாழ்ப்பாணத்துக்காரர் ‘கோப்பை’ என்றால் அது சோற்றுத் தட்டு. பக்கத்து வீட்டு அக்கா முதன்முதலில் சாப்பிடக் கூப்பிட்டு, “கோப்பையை எடுங்கோ, சோறு போடுறன்” என்றார். நான் காபிக் கப்பை நீட்டிக்கொண்டு நின்றேன்.