வீட்டிலிருந்தே வால்நட்சத்திரம் தேடலாம், வாங்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கோடையில் வானம் தெளியட்டும் என்று காத்திருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் சூரியனை நோக்கிப் பாயும் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கியே வேண்டாம். ஒரு கணினியும் பொறுமையும் போதும். சூரியனைக் கண்காணிக்க 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் படங்களில் இதுவரை 5,000க்கும் மேற்பட்ட வால்நட்சத்திரங்கள் சிக்கியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் நம்மைப் போன்ற ஆர்வலர்களே.

முதலில் சோஹோ இணையதளத்தில் லாஸ்கோ என்ற கருவி எடுத்த படங்களைத் திறவுங்கள். அதில் இரண்டு கேமராக்கள்: சிவப்புப் படம் சி2, நீலப் படம் சி3. நடுவில் இருக்கும் வட்டம் சூரியனை மறைக்கும் தகடு, அதன்மேல் வரைந்த வெள்ளை வளையம்தான் சூரியனின் அளவு. சி3யில் தொடங்குங்கள், பரப்பு பெரிது. படத்தில் உள்ள நேரத்தோடு இரண்டு மணி கூட்டினால் நம் தென்னாப்பிரிக்க நேரம்.

அடுத்து, ஏழெட்டுப் படங்களை வரிசையாக இறக்கி வேகமாகப் புரட்டுங்கள். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒரே படத்தில் மின்னி மறைவது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவில் பட்ட புள்ளி. இடமிருந்து வலமாக எல்லாம் சேர்ந்து நகர்பவை விண்மீன்கள். இருபக்கமும் கிடைக்கோடு இழுத்தது போல் பளிச்சென்று இருந்தால் அது வெள்ளி, வியாழன் போன்ற கோள். இவற்றோடு சேராமல், தன் வழியில் சூரியனை நோக்கி நகரும் மங்கலான புள்ளி எது? அதை விடாதீர்கள். நான்கைந்து படங்களிலாவது அது எந்தப் பிக்சலில் இருக்கிறது என்று குறித்து, இப்படிக் கண்டவற்றைச் சேகரிக்கும் சன்கிரேசர் திட்டத்தின் தளத்தில் அனுப்புங்கள்.

கிடைப்பது பெரும்பாலும் கிரூட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாக, அதாவது சூரியனை உரசிச் செல்லும் ஒரே மாதிரிப் பாதை கொண்ட வால்நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கும். 1882இல் கேப் டவுனில் உள்ள கேப் வானாய்வகத்தில் வானியலாளர் டேவிட் கில் படமெடுத்தாரே, அந்தப் பெரிய வால்நட்சத்திரமும் இதே குடும்பம்தான். நம் மண்ணிலிருந்து பார்த்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, வால்நட்சத்திரத்தின் வால் சூரியனின் காந்தப்புலத்தைப் பற்றியும் சொல்லும், எப்படி? காவடிக்குக் கோவிலில் கொடியேற்றினால், கொடி பறக்கும் பக்கத்தைப் பார்த்தே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். வால்நட்சத்திரத்தின் அயனி வாலும், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஆன வாலும் அப்படித்தான், சூரியனிலிருந்து காந்தப்புலத்தைச் சுமந்து வரும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று தள்ளும் பக்கம் சாயும். இதை வைத்துத்தான் 1951இல் ஜெர்மன் வானியலாளர் பியர்மன் அப்படி ஒரு காற்று இருக்கவேண்டும் என்றார். தூசி வால் வேறு, அது வளைந்து மஞ்சளாகத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

அப்புறம் இரண்டு காணொளிகளைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 2007 ஏப்ரலில் சூரியன் கக்கிய பிளாஸ்மா (மின்னேற்ற வாயு) மேகம் மோதி, என்கே வால்நட்சத்திரத்தின் வால் அப்படியே அறுந்து போனதை ஸ்டீரியோ விண்கலம் பிடித்திருக்கிறது. 2011 டிசம்பரில் லவ்ஜாய் என்ற வால்நட்சத்திரம், சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1,40,000 கிலோமீட்டர் உயரத்தில் பாய்ந்தபோது, அதிலிருந்து ஆவியான அயனிகள் கண்ணுக்குத் தெரியாத காந்தக் கோடுகளின் வழியே ஓடியதை, சூரியனைக் கண்காணிக்கும் எஸ்டிஓ விண்கலம் படமெடுத்தது. எந்த விண்கலமும் போகாத இடம் அது. பிழைத்து வெளியே வந்த அதே லவ்ஜாய், அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் தென்கோள வானத்தில் விடியலுக்கு முன் நீண்ட வாலோடு தெரிந்தது.

இனி பிரகாசமான வால்நட்சத்திரம் ஒன்று வரும்போது, அதன் வாலில் முறிவு தெரிந்தால், அதற்கு முந்தைய சில நாட்களின் சி2, சி3 படங்களைப் புரட்டி, அந்தப் பக்கமாகச் சூரியன் எதையாவது கக்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.