ஜன்னல் திறந்த கதை

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு ஆன்லைனில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பாதிப் பேர் பாலக்காடு, மீதி பொள்ளாச்சி. வெப்குவெஸ்ட் முறையில், அதாவது பிள்ளைகளே இணையத்தில் தேடி விடை கண்டுபிடிக்கும் முறையில், ஒரு பாடம் போட்டேன். முன்னுரையைத் திறப்பார்கள், அதோடு சரி. தேடல் பகுதிக்கு யாரும் போகவில்லை.

முதலில் மாட்ரிட் படங்கள் சேர்த்தேன். பயனில்லை. முன்னுரை முழுவதையும் ஸ்பானிஷில் மாற்றினேன், இன்னும் மோசம். நாலு நாள் வீண்.

பிறகுதான் தப்பு புரிந்தது. 1995இல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் வெப்குவெஸ்ட்டை உருவாக்கியபோதே முன்னுரை, பணி, செயல்முறை எல்லாம் தனித்தனி. நான் பணியையும் விடையையும் முன்னுரையிலேயே கொட்டியிருந்தேன். "மலையாளத்திலும் தமிழிலும் உள்ள போர்த்துகீசியச் சொற்களை ஸ்பானிஷோடு ஒப்பிடுவோம், பல ஒத்துப்போகும்" என்று எழுதிவிட்டால் அப்புறம் தேட என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூன்றே வரி வைத்தேன்: "நம் வீட்டு மேசை ஸ்பானிஷிலும் மேசாதான். சாவி அங்கே யாவே, கொஞ்சம் சாயல் உண்டு. ஜன்னல் மட்டும் ஏன் வெந்தானா?"

ஒத்துப்போகாத சொல்லைக் கடைசியில் வைத்ததுதான் விஷயம். அதை முதலில் வைத்துப் பார்த்தபோது எடுபடவில்லை. மேசையும் சாவியும் நம்பவைத்த பிறகுதான் ஜன்னல் உறுத்தியது.

அன்று மாலையே ஒரு பெண் கண்டுபிடித்து அனுப்பினாள்: நம் ஜன்னல் போர்த்துகீசிய ஜனேலா, அதன் லத்தீன் வேர் வாசலைக் குறிக்கும், வெந்தானாவின் வேர் காற்று.